ஆறரை ஐம்பத்தைந்து

இரண்டரை கிரெயின். மறுபடியும் பார்த்தார், மறுபடியும் இரண்டரைதான். தோட்டாவுக்கு வெடிமருந்து அளவு சொல்லும் இரண்டு புத்தகத்தில் தடித்ததை இடது கையாலும் மெல்லியதை வலது கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, அருளம்பலம் ஒரு வரியிலிருந்து மற்ற வரிக்குக் கண்ணை மெல்ல நடத்தினார், இடையில் எங்காவது தவறி விழுந்துவிடுமோ என்பதுபோல. தோட்டா அதே தோட்டா, ஆறரை ஐம்பத்தைந்து. ஆறரை மில்லிமீற்றர் தடிப்பில் முன்னால் பறக்கிற சன்னம், ஐம்பத்தைந்து மில்லிமீற்றர் நீளத்தில் பித்தளைக் கோது, இந்த நோர்வே நாட்டில் தகப்பனும் பாட்டனும் மான் சுட்ட அளவு. சன்னத்தின் நிறை அதே நிறை. மருந்து அதே மருந்து, டப்பாவின் நெற்றியில் உள்ள இலக்கம் இரண்டு புத்தகத்திலும் ஒன்றுதான். எல்லாம் ஒன்றாயிருக்க, இதற்கு மேல் போடாதே என்று கடைசிப் பெட்டியில் அச்சடித்த அளவு மட்டும் ஒன்றுக்கொன்று இரண்டரை கிரெயின் தள்ளி நின்றது. மெல்லிய புத்தகம் அதிகம் போடச் சொன்னது. தடித்தது, அதற்கு முன்பே கையை நீட்டி மறித்தது. ஒரு கிரெயின் என்றால் மூன்று சிவப்பரிசி மணி. ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். அப்போது படியிறங்கி வந்த மனைவி புவனம், "இனிச் சோத்துக்கும் எண்ணித்தான் அரிசி தருவியளோ" என்று கேட்டுவிட்டுப் போனாள். இரண்டரை கிரெயின் என்றால் ஏழெட்டு அரிசி மணி. ஏழெட்டு அரிசி மணியில் என்ன வந்துவிடப் போகிறது என்று வெளியாள் கேட்கலாம். மருந்து அரிசியில்லை. அது பித்தளைக் கோதுக்குள் அடைபட்டு, பின்னால் பூட்டும் முன்னால் சன்னமும் மறிக்க, பற்றுகிறபோது ஏழெட்டு மணிக்கும் கணக்குக் கேட்கும். கேட்கிற இடம் கன்னத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

மேலே குசினியில் குக்கர் ஒரு தரம் கூவி அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சி. அவர் இருந்தது வீட்டின் கீழறையில், நெருப்புக்கும் அடுப்புக்கும் தூரமாய், ஒற்றை யன்னலுக்குக் கீழே போட்ட மேசையில். யன்னல் நிலத்தோடு நிலமாக இருந்ததால் வெளியே புல்லின் அடியும், புல்லுக்கு அப்பால் சாம்பல் நிறத்துக் கடற்கழியில் ஒரு கீற்றும் தெரிந்தன. செப்தெம்பர் முடிகிறது. மலையுச்சியில் முந்தநாள் விழுந்த பனி இன்னும் கரையவில்லை. மேசையில் துளையிட்ட மரக்கட்டை. அதில் இருபது தோட்டா, நாலு வரிசையில் ஐந்தைந்தாக, மூக்கு மேலே பார்க்க நின்றன. காலையில் அவரே நிரப்பியது. வேட்டைக் கூட்டாளி ஓட்வாரின் அளவில், அதாவது மெல்லிய புத்தகத்தின் அளவில் நிரப்பியது. நாளை விடிய எல்க் வேட்டை தொடங்குகிறது, குதிரையைவிட உயரமான அந்தப் பெரிய மானுக்கு. நாளை அவரோடு மகள் ஆரணியும் போகிறாள், முதல்தரம், பழைய துவக்கோடு. அதனால்தான் இந்த இரண்டரை கிரெயின் இன்றைக்கு முள்ளாகிக் குத்துகிறது. போன வருடமும் இரண்டு புத்தகமும் இதே மேசையில்தான் கிடந்தன, இதே இரண்டரையைப் பார்த்தார், பார்த்துவிட்டு மூடிவைத்தார். ஏன் மூடினேன். சொந்தத் துவக்கு புதியது என்று மூடினார். ஓட்வார் சொன்னால் சரியாயிருக்கும் என்று மூடினார். இரண்டு பேர் சொல்வது ஒத்துவராமலிருப்பது அவருக்குப் பிறந்த நாளிலிருந்து பழகியதுதானே என்று மூடினார்.

பழக்கம்தான். அவர் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம், புவனம் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம். கலியாணம் முடித்த முதல் சித்திரையில், இந்த ஊருக்கு அவள் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, வருடம் எப்போது பிறக்கிறது என்று இருவருக்கும் ஒத்துவரவில்லை. ஒரே சூரியன், ஒரே மேட ராசி, ஆனால் ஒரு புத்தகம் ஒரு நேரத்தைச் சொன்னது, மற்றப் புத்தகம் வேறு நேரத்தைச் சொன்னது. வெளியில் முழங்காலளவு பனி. அவள் தன் நேரத்துக்குத் தலையில் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளித்தாள். அவர் தன் நேரத்துக்கு வைத்துக் குளித்தார். பிறகு அவள், "எதுக்கும் உங்கட நேரத்துக்கும் ஒருக்கா வைப்பம், பிழை வரக்கூடாது" என்று இரண்டாம் தரமும் தலையில் தடவிக்கொண்டு நடுங்கி நடுங்கி வந்து நின்றாள். அன்றைக்குத்தான் அவர் அவளைப் பார்த்து முதல்தரம் வாய்விட்டுச் சிரித்தது. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இந்த வீட்டில் புதுவருடம் இரண்டு தரம் பிறக்கிறது, ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் மருந்தை அப்படி இரண்டு விதமாய்ப் போட முடியாது. ஒரு கோதுக்கு ஒரு அளவு. அளவு பிழைத்தால் இரண்டாம் தரம் குளிக்க ஆளிருக்காது. சீ, என்ன நினைப்பு. துவக்கோடு நிற்கிற பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்கலாமா. நினைக்காமல் எப்படி. நினைக்கத்தானே இந்த மேசைக்கு வந்து இருக்கிறது.

அச்சுப் பிழையாயிருக்குமோ. மற்ற மருந்துகளின் வரிகளையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் தடித்த புத்தகம் இரண்டுக்குக் கிட்டக் கீழே நின்றது. ஒரு வரி பிழைக்கலாம், பக்கம் முழுக்க ஒரே பக்கமாய்ப் பிழைக்காது. மீன் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் பெட்டி நிறுத்த கை இது. ஒரு பெட்டி குறைந்தால் கை பிழை. வரிசையிலுள்ள எல்லாப் பெட்டியும் ஒரே அளவு குறைந்தால் தராசு வேறு. அப்படியென்றால் இந்தப் புத்தகத்தின் தராசு வேறு. எந்தத் தராசு? அவர் பக்கத்தின் மேற்பகுதிக்குப் போனார். அட்டவணைக்கு மேலே, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி இருந்தது. இத்தனை வருடமும் அது இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் அவர் அதைத் தாண்டி நேரே எண்ணுக்குப் போயிருக்கிறார். எழுத்து என்றால் ஒரு கூச்சம். எட்டாம் வகுப்போடு நின்றவர், ஆங்கிலம் என்றால் ஒவ்வொரு சொல்லாய்க் கைபிடித்துக் கூட்டிப் போகவேண்டும், நோர்வீஜியன் என்றால் காதில் விளங்கும், தாளில் தடக்கும். எண் அப்படியில்லை. எந்த நாட்டிலும் எண் அவரைப் பார்த்து எங்கே படித்தாய் என்று கேட்டதில்லை. அதனால் எண்ணை நம்பினார், எழுத்தை விட்டார். இப்போது விரலை வைத்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாய் நடந்தார். பழைய. இராணுவ. துவக்குகள். இன்னும். பலரிடம். இருப்பதால். இந்த. அளவுகள். அவற்றுக்கு. ஏற்ப. குறைத்து. அவ்வளவுதான் விஷயம். பிறகு மெல்லிய புத்தகத்தின் பின்பக்கத்துக்குப் போனார், அங்கேயும் பொடி எழுத்து, நோர்வீஜியனில்: இக்கால ஆலைக் குழலில், இக்காலப் பூட்டோடு சோதித்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு புத்தகமும் தன் கையிலிருந்த துவக்கைப் பற்றிப் பேசியிருக்கிறது. என் கையில் எந்தத் துவக்கு என்று இரண்டுக்கும் தெரியாது. அதைச் சொல்லவேண்டியது நான்.

பழையது இரும்பலுமாரியில் நின்றது. எழுந்து போய்த் திறக்கவில்லை, திறக்காமலே தெரியும். பூட்டின் முனையில், வெடி பின்னால் அடிக்காமல் தாங்க, ஒரே ஒரு பல். ஓட்வாரின் துவக்குக்கு இரண்டு பல், அவருடைய புதியதற்கும் இரண்டு. பழையதைச் செய்தவன் நல்ல வேலைக்காரன், வெண்ணெயில் கத்தி போவதுபோல் பூட்டுப் போகும், அதனால்தான் ஆரணிக்கு அதில் ஆசை. புதியதைத் தருகிறேன் என்றதற்கு, "அது உங்கட அளவு அப்பா, எனக்கு நாடியில இடிக்குது. இது எனக்கெண்டே செய்தமாதிரி" என்றாள். அரசாங்கத்தின் சுடும் சோதனையும் இதில்தான் சித்தியடைந்தாள், கடைத் தோட்டா போட்டு. கடைத் தோட்டா எந்தப் பழைய துவக்கும் தாங்குகிற அளவில் வருகிறது. அது முடிந்துவிட்டது. ஞாயிறு, கடை பூட்டு. நாளை கடை திறக்கும்போது அவர்கள் காட்டுக்குள் நிற்பார்கள். ஒரே ஒரு பல். அவள் கன்னம் துவக்குக் கட்டையில் சாய்ந்திருக்கும். இடது கண்ணை மூடுவாள், வலது கண்ணைத் திறப்பாள், பூட்டுக்கு நேரே. குக்கர் இரண்டாம் தரம் கூவியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. குக்கர் என்று தெரிந்த பிறகும் முதுகு சும்மாவிருக்கவில்லை.

அந்த முதுகு வேறெங்கோ பழகியது. மேலே ஏதாவது கூவினால் கீழே குனிகிற முதுகு. ஊரில் விமானக் குண்டுக்குப் பயந்து பங்கர் வெட்டிய வருடம் அவருக்கு முப்பது. சங்கக்கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: இத்தனை அடி ஆழம், மேலே பனங்குற்றி ஒரு வரிசை, அதற்குமேல் மண்மூட்டை. பக்கத்து ஊரிலிருந்து வந்தவன் கொண்டுவந்த தாளில் குற்றி இரண்டு வரிசை என்றிருந்தது. ஒரே குண்டு, ஒரே வானம், இரண்டு தாள். ஊரில் எல்லோரும் ஒரு வரிசை போட்டார்கள். ஒரு வரிசைக்கே ஒரு பனை போய்விடும். அவர் இரண்டு பனை தறித்தார். மச்சான் தருமலிங்கம் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, "அருளம்பலம் பங்கர் கட்டேல்லை, கோபுரம் கட்டுறான். கும்பாபிசேகம் எப்ப?" என்றான். வெட்கத்தில் காது சுட்டது. வெட்கத்தோடே இரண்டாம் வரிசையை அடுக்கினார். ஒன்றும் விழவில்லை. தங்கள் வளவிலும் விழவில்லை, ஒரு வரிசை போட்ட தருமலிங்கம் வளவிலும் விழவில்லை. அடுத்த மாரியில் தண்ணீர் நின்று பங்கர் சரிந்தது, அதற்கடுத்த வருடம் அவர் இந்தப் பனிக்கு வந்து சேர்ந்தார். இரண்டாம் வரிசை தேவைப்பட்டதா என்று கடைசிவரை தெரியவில்லை. தருமலிங்கம் கனடாவிலிருந்து இப்போதும் கேட்பான், "கோபுரக்காரன் சுகமோ?" ஓம், சுகம்.

சரி. அப்படியென்றால் வேலை சுலபம். ஆரணிக்கு மட்டும் பத்துத் தோட்டா, தடித்த புத்தகத்தின் அளவில். ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. மகளின் பையில் என்ன இருக்கிறது என்று யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள். கை மருந்து டப்பாவுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. பார்க்க மாட்டார்கள், ஆனால் கொடுப்பார்கள். அதுதானே இந்தக் குழுவின் வழக்கம். ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஆறரை ஐம்பத்தைந்து, ஒன்பது பேரும் ஓட்வாரின் அளவு. காட்டுக்குள் ஒருவனுக்குத் தோட்டா தீர்ந்தால் பக்கத்தில் நிற்பவன் கையை நீட்டுவான், கேள்வி இல்லை, பார்ப்பது இல்லை, வாங்கிப் போட்டுச் சுடுவது. அடிபட்ட மிருகம் நிற்கும்போது பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஓட்வார் அதைப் பெருமையாகச் சொல்லுவான்: நாங்கள் ஒரே கோப்பையில் குடிப்பவர்கள். அவருக்கே போன வருடம் ஒருவன் நீட்டியிருக்கிறான். நாளை ஆரணிக்கும் நீட்டுவான். அவள் முதல்தரம் வருகிறவள், பதற்றத்தில் பத்தையும் சுட்டுவிடுவாள், பக்கத்தில் நிற்கிற நல்ல மனிதன் பாசத்தோடு கையை நீட்டுவான். இங்கே கீழறையில் எத்தனை மணி குறைத்தாலும் அந்தக் கையை என்னால் குறைக்க முடியாது. சொல்லியாக வேண்டும்.

சொல்லியாக வேண்டும் என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒன்பது பேரில் ஒருவராவதற்கு எத்தனை வருடம் காத்திருந்தார். தொழிற்சாலையில் ஓட்வார் பக்கத்து வரிசை. பதினைந்து வருடம் காலை வணக்கம் மட்டும் சொன்னான், பிறகு ஒருநாள் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ஆரு, உன் பெட்டி ஒன்றுகூட நிறை பிழைப்பதில்லை. நீ தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்ளேன்" என்றான். அருளம்பலம் என்று ஒருவருக்கும் வாயில் வராது, ஆரு. முதல் ஐந்து வருடம் மிருகத்தை விரட்டிக் கொடுக்கிற வேலை. பிறகுதான் துவக்கோடு ஒரு இடம். காலையில் நெருப்பைச் சுற்றி நிற்கும்போது எல்லோரும் பேசுவார்கள், அவர் கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்பார். அந்த வட்டத்தில் அவர் வாயிலிருந்து வந்தது மொத்தம் ஓம், நன்றி, சூடாயிருக்கிறது. இனிமேல் முதல் பேச்சு இதுவா. உங்கள் தோட்டாவை என் மகளுக்குத் தராதீர்கள். எப்படிக் கேட்கும் அது. உங்கள் கோப்பையில் குடிக்கமாட்டோம் என்று கேட்கும். தொந்தரவு பிடித்த ஆள், தான் மட்டும் பெரிய கணக்குக்காரன், பெண்பிள்ளையைக் கொண்டுவந்ததும் கொண்டுவந்தான், சட்டம் பேசுகிறான். கோபுரம். காது சுட்டது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் அதே காது, அதே சூடு.

மூன்றாம் தரம் குக்கர் கூவியது, உடனே அடுப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. அவள் எப்போதும் மூன்றில் நிறுத்துவாள். "இஞ்சருங்கோ," புவனம் படியின் தலைப்பில் வந்து நின்றாள். "சாப்பிடாமல் கீழ என்ன புத்தகம் கட்டி மாரடிக்கிறியள்?"

"பொறுமப்பா. ஒரு கணக்கு."

"ஒவ்வொரு வருசமும் அதே கணக்கு. மான் என்ன, புத்தகம் பாத்தோ சாகுது?"

"இஞ்சரும், அந்தக் குக்கருக்கு ஏன் மூண்டோட நிப்பாட்டினீர்? அதின்ரை தாளில நாலெண்டுதானே கிடக்கு."

"அது புதுக் குக்கருக்கு எழுதினது. இது எங்கட கலியாண வயசு. நாலு விட்டால் மூடி முகட்டில நிக்கும்." சொல்லிவிட்டு அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். கேலி மெல்ல வடிந்தது. "ஏன் கேக்கிறியள்? பிள்ளையின்ரை துவக்கில ஏதும் பிழையோ?"

"துவக்கில பிழையில்லை," என்றார். "நான் நிரப்பினதில."

ஒரு படி இறங்கினாள், நின்றாள், திரும்பி மேலே போனாள். குசினிக்குள் அவள் ஆரணியோடு தணிந்த குரலில் பேசுவது கேட்டது. இறங்கி வந்தது ஆரணி. மீன்பண்ணைப் படகில் வேலை செய்கிற பிள்ளை, படியில் கால் வைத்தாலே படகு ஆடுவதுபோல் படி ஆடும். மேசையில் கையை ஊன்றி இரண்டு புத்தகத்தையும் பார்த்தாள். அவர் பொடி எழுத்தில் விரலை வைத்தார், ஒன்றும் விளக்கவில்லை. அவள் கடகடவென்று வாசித்தாள், அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்ததை ஒரு மூச்சில். "அப்ப கொஞ்சமாப் போடுவமே," என்றாள்.

"கொஞ்சமாயும் போடேலாது." கீழேயும் ஒரு கோடு இருக்கிறதே, அதையும் பார்த்துவைத்திருந்தார். நூறு மீற்றரில் இவ்வளவு வலு இல்லையென்றால் எல்க் சுடக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அது நியாயம், வலுவில்லாத சன்னம் மிருகத்தைக் கொல்லாது, காயப்படுத்திக் காட்டுக்குள் அனுப்பும், இரண்டு நாள் கிடந்து சாகும். தடித்த புத்தகத்தின் தொடக்க அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே. அதன் உச்ச அளவு கோட்டுக்கு மேலே. சட்டம் கீழிருந்து தள்ளுகிறது, ஒற்றைப் பல் மேலிருந்து அமத்துகிறது, நடுவில் அகலம் ஒரு கிரெயினைவிடக் கொஞ்சம் அதிகம். மூன்று நாலு அரிசி மணி அகலமான பாதை. அதில்தான் நடக்கவேண்டும். நடக்கலாம். முப்பத்தொரு வருடம் அதைவிட ஒடுங்கியதில் நடந்திருக்கிறார். "தொடக்கத்தில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒவ்வொண்டையும் சுட்டுப் பாத்து, கோதைப் பாத்து, பிறகு அடுத்தது," என்றார். "நடுவில ஒரு இடத்தில நிப்பம். குறியும் திரும்ப வைக்கவேணும், மருந்து குறைய சன்னம் கீழ விழும்."

"சுடுதளம் அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள் அப்பா."

"தெரியும். முதல் வெடி எல்லாம் நான்."

"என்ரை துவக்கு."

"என்ரை கணக்கு."

அவள் சிரித்தாள், விவாதத்தை விட்டாள். "ஓட்வாருக்கு நான் மெசேஜ் போடட்டோ?" என்றாள். கனிவாய்த்தான் கேட்டாள். தகப்பனின் நாக்கு அவளுக்குத் தெரியும். ஓம் என்று சொல்ல வாய் தானே திறந்தது. எவ்வளவு லேசு. அவள் விரல் நாலு தரம் அசைந்தால் முடிந்தது. ஆனால் தகப்பன் பயந்து மகளைக் கொண்டு எழுதுவித்தான் என்பதாய்ப் போகும், எல்லோரும் ஒரு சிரிப்புப் படத்தை அனுப்புவார்கள், அடுத்த செய்தி மேலே ஏறி இதை மூடும். நாளை நெருப்படியில் ஒருவனுக்கும் நினைவிருக்காது. சிரிப்புப் படம் போட்ட அதே கை தோட்டாவை நீட்டும். குரலில் சொல்லவேண்டிய விஷயம். "வேண்டாம் பிள்ளை. டெலிபோனைத் தா," என்றார்.

அவள் மேலே போகும்வரை காத்திருந்தார். வசனத்தை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், நோர்வீஜியனில், வினைச்சொல் எங்கே நிற்கவேண்டும் என்று பார்த்து நிறுத்தினார். இன்னொருமுறை. மூன்றாம் முறை சொல்லத் தொடங்கினால் விட்டுவிடுவோம் என்று தெரிந்தது. அழுத்தினார். மணி போனது. போகட்டும், எடுக்காவிட்டால், எடுக்காவிட்டால் என்ன, வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவது, எடுத்தான்.

"ஆரு?" ஓட்வாரின் குரல் வழக்கத்தைவிடப் பெரிதாய் வந்தது. "யார் செத்தது?"

"ஒருவரும் சாகவில்லை."

"நீ என்னைக் கூப்பிட்டதே இல்லை. நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்."

வசனம் வந்தது. வினைச்சொல் தன் இடத்தில் நின்றது. ஆரணி பழைய இராணுவத் துவக்கோடு வருகிறாள். அதற்கு நம்முடைய அளவு அதிகம். நான் அவளுக்குக் குறைத்து நிரப்புகிறேன். காட்டில் ஒருவரும் அவளுக்குத் தங்கள் தோட்டாவைக் கொடுக்கக் கூடாது. சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் ஒரு நாய் தண்ணீர் நக்கிக் குடிப்பது கேட்டது. அவர் அதை எண்ணினார். ஏழு நக்கல்.

"அந்த அளவு எத்தனை வருடமாய் இருக்கிறது தெரியுமா," என்றான் ஓட்வார். "ஒருவனுக்கும் ஒரு கீறல் கிடையாது."

"உன் அளவு பிழையில்லை. என் துவக்கு பழையது."

"நானும்தான் பழையது. இன்னும் வெடிக்கவில்லை." சிரிப்பான் என்று அவர் காத்திருந்தார், அவன் சிரிக்கவில்லை. "சரி, இதைச் சொல். மிருகம் அடிபட்டு நிற்கிறது. பெண்ணிடம் தோட்டா இல்லை. நான் பத்து அடி தள்ளி, என் பை நிறைய. நான் என்ன செய்ய, அதனிடம் மன்னிப்புக் கேட்கவா?"

"நீ சுடு. அவள் வெறுந்துவக்கோடு நிற்பாள்."

"அவளுடைய முதல் எல்க்காய் இருந்தாலுமா?"

"அவளுடைய முதல் எல்க்காய் இருந்தாலும்."

மன்னித்துக்கொள் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார். கோபுரம் என்றால் கோபுரம். ஒற்றைப் பல். என் பிள்ளையின் வலது கண். வெளியே யன்னலோடு ஒட்டிய புல் காற்றில் ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. ஓட்வார் மூக்கால் பெரிதாய் ஒரு மூச்சு விட்டான்.

"நீ ஒரு தலையிடி, ஆரு. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாளை நெருப்படியில் நீயே சொல்லு. நான் சொன்னால் கிழவனுக்குப் பயம் வந்துவிட்டது என்பார்கள். நீ வாய் திறந்தால் எல்லோரும் கேட்பார்கள், ஏனென்றால் நீ வாய் திறந்ததை ஒருவரும் பார்த்ததில்லை."

ஒன்பது முகம். நெருப்பு. கோப்பியை வைக்க இடமில்லாமல் இரண்டு கையும் நிறைந்திருக்கும். "சொல்கிறேன்," என்றார்.

"வரும்போது உன் மனைவியின் அந்தப் பொரித்த ரோல்ஸைக் கொண்டு வா. வாய் நிறைய இருந்தால் ஒருவனும் எதிர்த்துப் பேசமாட்டான்." வைத்துவிட்டான்.

டெலிபோனை மேசையின் தூர மூலையில் வைத்தார். பிறகு மரக்கட்டையில் நின்ற இருபது தோட்டாவையும் ஒருமுறை பார்த்தார். இவை தன் புதிய துவக்குக்கு ஆகும், வீணாக்கத் தேவையில்லை. ஆனால் இருட்டில், காரில், ஒரே வீட்டிலிருந்து போகிற இரண்டு பைக்குள் இரண்டு விதம். ஒரு பை திறந்துகிடந்தால் போதும். இந்த வீட்டில் புதுவருடம் இரண்டு தரம் பிறக்கட்டும், தோட்டா ஒன்றுதான். சுத்தியல் போலிருக்கும் பிளாஸ்டிக் கருவியை எடுத்தார், ஒரு தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்தி, மரக்குற்றியில் ஓங்கித் தட்டினார். இரண்டாம் தட்டில் சன்னம் கழன்றது, மருந்து கருமணியாய் உள்ளே சொரிந்தது. அதைத் தட்டில் கொட்டினார். அடுத்தது. மேலே புவனம் சத்தத்தைக் கேட்டு என்ன நினைப்பாள் என்ற எண்ணம் வந்தது, வந்தபடியே போனது. அடுத்தது. ஒவ்வொன்றும் கழலும்போது நெஞ்சுக்குள்ளும் ஏதோ ஒன்று கழன்றது என்று சொல்ல முடியாது. இருபதாவதிலும் அது இறுக்கமாய்த்தான் இருந்தது, ஆனால் எதைச் செய்யவேண்டும் என்று தெரிந்த இறுக்கம். தராசைத் துடைத்தார். முள் நடுக்கோட்டில் நிற்கும்வரை மூச்சை அடக்கினார். தொடக்க அளவில் மூன்று. அதற்கு அரை கிரெயின் மேலே மூன்று. அதற்கு மேலே மூன்று. ஒற்றைப் பல்லுக்காகப் போட்ட கடைசிக் கோட்டுக்கு அரை கிரெயின் கீழே நிறுத்திக்கொண்டார், கோட்டைத் தொடவில்லை. மிச்சம் பதினொன்றின் கோதும் சன்னமும் வெறுமனே கிடந்தன. எந்த அளவு நல்லதென்று சுடுதளம் சொன்ன பிறகு, வந்து அதில் நிரப்புவது.

படி அசைந்தது. புவனம் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டோடும் மறுகையில் ஆரணியின் நகப்பூச்சுச் சிமிழோடும் இறங்கி வந்தாள். நல்ல சிவப்பு. "பிள்ளை சொன்னவள், அடியில நிறம் பூசினால் மாறிப்போகாதாம்," என்றாள். தட்டை மருந்துக்குத் தூரமாய், பக்கத்து வாங்கில் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூடியைத் திருகி, தூரிகையை விளிம்பில் வழித்து, முதல் தோட்டாவின் அடியில், நடுவிலுள்ள, ஊசி தட்டினால் பற்றுகிற சின்ன மூடியைத் தொடாமல், சுற்றி ஒரு வளையம் இட்டாள். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கை. பிழைக்கவில்லை. அவர் அடுத்ததை நீட்டினார், அவள் வாங்கினாள்.

"ஓட்வார் கோவிச்சவனோ?"

"ரோல்ஸ் கேட்டவன்."

"எத்தினை?"

"ஒன்பது பேர்."

"அப்ப முப்பது செய்வம்." நாலாவதற்கு வளையமிட்டாள். ஐந்தாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, தூரிகையை நிறுத்தினாள். "இஞ்சருங்கோ, கோவிக்காதையுங்கோ, நான் பகிடிக்குக் கேக்கேல்லை. இவ்வளவும் உண்மையா தேவையோ? அதை அப்பிடியே போட்டுச் சுட்டிருந்தால் ஏதும் நடந்திருக்குமோ?"

அவர் யோசித்தார். பொய் சொல்லலாம், நடந்திருக்கும் என்று சொன்னால் இந்த நாள் முழுவதும் நியாயமாகிவிடும். கண்ணாடியைக் கழற்றி மேல்சட்டையில் துடைத்தார். பனங்குற்றியின் இரண்டாம் வரிசை, அதன் மேல் ஒருபோதும் விழாத ஏதோ ஒன்று. "தெரியாது," என்றார். "தெரியவராமலே போகட்டும்."

அவள் தலையசைத்தாள். ஐந்தாவதற்கும் மிச்சம் நாலுக்கும் வளையம் இட்டாள். வெளியே ஆரணி காரை இயக்கிவிட்டு, யன்னலுக்கு நேரே குனிந்து, கையிலில்லாத மணிக்கூட்டைக் காட்டி மணிக்கட்டில் தட்டினாள். அவர் எழுந்தார். சிவப்புக் காயட்டும் என்று கொஞ்சம் ஊதினார். தொடக்க அளவில் நிரப்பிய முதல் மூன்றையும், முதல் வெடி தன்னுடையது என்று, மற்றவற்றோடு பெட்டியில் வைக்காமல் தன் சட்டைப்பைக்குள் போட்டு, பைக்குப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நாளை நெருப்படியில் சொல்லவேண்டிய வசனத்தின் முதல் சொல்லை வாய்க்குள் சொல்லியபடி படியேறினார்.